பாகு பதம் பார்த்த விரல்

என் மனைவி பொன்செல்வியின் எடை தொண்ணூற்றாறு கிலோ. முனிசிபல் ஆஸ்பத்திரியில் அதை எல்லோருக்கும் கேட்கும்படி கத்திச் சொன்னது நான்தான். நர்ஸ் தூரத்தில் உட்கார்ந்திருந்தார், எழுதிக்கொள்ளட்டும் என்று சொன்னேன். வரிசையில் நின்ற கர்ப்பிணிகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மெஷினைவிட்டு இறங்கியவள் வீடு வந்து சேரும்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் வாய் அப்படி. யோசனை வந்து சேருவதற்குள் அது வேலையை முடித்துவிடும்.

நாங்கள் தாராவியில், தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், கடலை மிட்டாய் போடுகிறோம். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம், வேறு என்ன போடுவோம்? இங்கே வாங்குகிறவர்கள் அதைச் சிக்கி என்பார்கள். கீழே பட்டறை, மேலே ஒரே ஒரு அறை, நடுவில் செங்குத்தாக ஒரு இரும்பு ஏணி. பொன்செல்விக்கு ஆறாம் மாதம் தொடங்கியதுமே நான் அவளை ஏணியில் கால் வைக்க விடவில்லை. வெல்ல மூட்டைகளை ஒதுக்கிவிட்டுக் கீழேயே கட்டில் போட்டுக் கொடுத்தேன்.

எனக்கு அப்போது எல்லாவற்றுக்கும் பயம். நான்கு வருடத்துக்கு முன்னால் எங்கள் முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அடங்கிப் போனான். "அசைவு கொறஞ்ச மாதிரி இருக்குங்க" என்று அவள் சொன்ன அன்று ஆர்டர் அதிகம். நாளைக்குக் காட்டலாம் என்றேன். மறுநாள் ஸ்கேனில் துடிப்பு இல்லை. ஏன் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உடம்பு பெருத்த தாய்மாருக்கு இப்படி நடக்கிற ஆபத்து கொஞ்சம் கூடுதல் என்று மட்டும் சொன்னார்கள். பொன்செல்வி அதை அப்படியே விழுங்கிக்கொண்டாள். தன் உடம்புதான் பிள்ளையைக் கொன்றது என்று அவள் முடிவு செய்துவிட்டாள். நாளைக்குக் காட்டலாம் என்ற என் பேச்சை அவளும் சொல்லிக் காட்டவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

இந்த முறை ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா மராத்திக்காரர். எங்களுக்காக மெதுவாக இந்தியில் பேசுவார். முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். எடை கூடிய தாய்க்குக் கர்ப்பத்தில் சர்க்கரை வரலாம், பிரஷர் வரலாம். பிள்ளை அளவுக்கு மேல் வளர்ந்து, பிறக்கும்போது தோள் மாட்டிக்கொள்ளலாம். அறுத்து எடுத்தால் தையல் ஆற நாளாகலாம். தாய்க்குச் சர்க்கரை இருந்தால், பிறந்த கொஞ்ச நேரத்தில் பிள்ளைக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். அதனால் குதிகாலில் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். "ஒழுங்காகக் கவனித்துக்கொண்டால் பெரும்பாலும் நல்லபடியாகத்தான் முடியும்" என்றும் சொன்னார். அந்தக் கடைசி வரி மட்டும் என் காதில் நிற்கவே இல்லை.

ஆறாம் மாதம் முடிவதற்குள் சர்க்கரை வந்துவிட்டது. வீட்டில் பார்க்க ஒரு மெஷின் வாங்கினேன். விரலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைப் பட்டையில் வைத்தால் நம்பர் காட்டும். காலையில் வெறும் வயிற்றில் ஒரு தடவை, மத்தியானம் சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை. ஊசியைக் கண்டால் பொன்செல்வி முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அதனால் குத்துவது என் வேலை. நோட்டில் எழுதுவதும் நான்தான்.

காலையில் தொண்ணூற்றிரண்டு, எண்பத்தெட்டு என்று நல்ல பிள்ளையாக இருக்கும். மத்தியானம் பார்த்தால் இருநூற்றுப் பத்து, இருநூற்று முப்பது. முதல் தடவை அந்த நம்பரைப் பார்த்தபோது மெஷினைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். அதற்கப்புறம் தினமும் மத்தியானம் ஒரு மணி ஆவதற்கே பயந்தேன்.

"இங்கே வந்து பார்த்தால் இவ்வளவு இல்லையே. வீட்டில் மட்டும் ஏன் ஏறுகிறது? என்ன சாப்பிடுகிறாய்?" என்று டாக்டரம்மா பொன்செல்வியிடம் கேட்டார்.

"ரெண்டு இட்லி. பதினோரு மணிக்கு மோர்" என்றாள் அவள்.

"கையைக் கழுவிவிட்டுத்தானே குத்துகிறீர்கள்?" என்று என்னிடம் கேட்டார்.

"கழுவாம குத்துவேனா டாக்டர்?" என்றேன். எனக்கு அந்தக் கேள்வியே அவமானமாக இருந்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிறேன் என்பதையும் பெருமையாகச் சேர்த்துச் சொன்னேன்.

அவர் நோட்டைப் புரட்டினார். பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் போட இன்சுலின் எழுதினார். முதலில் நான்கு யூனிட். பத்து நாள் கழித்து எட்டு. பிறகு பதினான்கு. ஊசி போட்டால் அரை மணிக்குள் கட்டாயம் சாப்பிட வேண்டும், சர்க்கரை இறங்கினால் வேர்க்கும், நடுங்கும், பேச்சு குழறும், உடனே இனிப்புக் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்பினார். நானும் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினேன். ஏறுவதற்கே பயந்து செத்துக்கொண்டிருக்கிறவன் இறங்குவதைப் பற்றி எங்கே நினைப்பான்?

நான் நினைத்ததெல்லாம் வேறு. எங்கள் பட்டறையில் பாகு பதம் பார்க்கிறவள் பொன்செல்விதான். கொதிக்கிற வெல்லப் பாகில் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டு, ஆறியதும் இரண்டு விரலால் உருட்டிப் பார்ப்பாள். டக்கென்று ஒடிந்தால் பதம் வந்துவிட்டது. அவள் சொன்ன பிறகுதான் கடலையைக் கொட்டுவேன். ஒரு நாளைக்கு முப்பது கொதிப்பு, முப்பது தடவை விரலால் உருட்டல். கை பிசுபிசுத்தால் காலடியில் இருக்கிற வாளித் தண்ணீரில் ஈரத்துணியை நனைத்துத் துடைத்துக்கொள்வாள். நாள் முழுக்க இனிப்புக்கு நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறவள். காலையில் நம்பர் சரியாக இருக்கிறது, வேலைக்கு உட்கார்ந்தால் ஏறுகிறது. இதற்கு வேறு என்ன அர்த்தம்? திருட்டுத்தனமாகத் தின்கிறாள்.

ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"உண்மையச் சொல்லுட்டி. துண்டு எடுத்து வாயில போடுதியா?"

அவள் துண்டு போட்டுக்கொண்டிருந்த கத்தியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். "எம் புள்ள மேல சத்தியமா இல்லங்க."

"அப்ப மெஷினு பொய் சொல்லுதா?"

 அன்றிலிருந்து இட்லி ஒன்றாகக் குறைந்தது. மோரை நிறுத்தினாள். அப்படியும் இருநூற்று ஐம்பது. பசிக்கிறது என்று ஒருநாள் மெதுவாகச் சொன்னாள். அவ்வளவு பெரிய உடம்பு, கேட்கத்தான் செய்யும், வாயைக் கட்டு என்று சொல்லிவிட்டேன். சொன்னவன் நான், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். தட்டுகளில் துண்டு குறைகிறதா என்று கண்ணால் அளந்துகொண்டே இருந்தேன். சொந்தப் பெண்டாட்டியைத் திருடியைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். பிள்ளைக்காகத்தான் பார்த்தேன், அதுவும் உண்மை.

சங்கராந்திக்கு நான்கு நாள் இருந்தது. பம்பாயில் சங்கராந்தி என்றால் வீட்டுக்கு வீடு எள்ளும் வெல்லமும் சிக்கியும்தான், எங்களுக்கு நிமிர நேரம் இருக்காது. அன்று பொன்செல்விக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. கூட வேலை செய்கிற சொரிமுத்து அண்ணாச்சி சரக்கை எடுத்துக்கொண்டு மாட்டுங்கா போயிருந்தார். ஒரு மணிக்கு அவளுடைய வலது ஆட்காட்டி விரலைத் துடைத்துக் குத்தினேன். இருநூற்று அறுபத்திரண்டு.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. ஒன்றும் பேசாமல் பதினான்கு யூனிட்டையும் போட்டேன். அவள் சோற்றுத் தட்டை எடுத்தாள்.

"இவ்வளவு ஏறிக் கெடக்கு, இதுல சோறு வேறயா? கொஞ்சம் எறங்கட்டும். பொறவு திங்கலாம்" என்றேன்.

"அரை மணிக்குள்ள திங்கணும்னு டாக்டரு..."

"டாக்டரு இருநூத்தி அறுவதப் பாத்தாரா?"

அவள் தட்டை மூடி வைத்தாள். எனக்கு வடாலாவிலிருந்து ஒரு கடைக்காரரின் போன் வந்தது. வாசலுக்குப் போய் இருபது நிமிடம் அவரோடு மல்லுக்கட்டினேன்.

திரும்பி வந்தபோது அவள் பலகையில் உட்கார்ந்தபடியே இருந்தாள். வேர்த்துக் கொட்டியிருந்தது. அடுப்புப் பக்கம் எல்லோருக்கும் வேர்க்கும் என்று நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. அடுத்த கொதிப்பை ஏற்றினேன், கடலையைப் புடைத்தேன். பாகு கொதித்து நுரைத்தது. "பதம் பாருட்டி" என்றேன். அவள் கரண்டியில் பாகை எடுத்துத் தண்ணீருக்குப் பதிலாகத் தரையில் விட்டாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு அவளிடம் போனேன். அது அவள் சிரிப்பே இல்லை.

"ஏ பொன்னு, என்ன செய்யுது?"

"தொட்டில எறக்குங்க... ஆடுது" என்றாள். அங்கே தொட்டில் எதுவும் இல்லை. கை நடுங்கியது. கண் என்னைப் பார்த்தது, ஆனால் என்னை அடையாளம் தெரிந்து பார்க்கவில்லை. அப்படியே மூட்டை மேல் சாய்ந்தாள்.

சர்க்கரை தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்தேன். அதே விரலைப் பிடித்து மறுபடி குத்தினேன். இருநூற்று நாற்பத்தெட்டு. பதினான்கு யூனிட் போட்டும் இறங்கவில்லை! ஊசி மருந்து பக்கத்திலேயே இருந்தது. டாக்டரைக் கேட்காமல் கூட்டக் கூடாது என்று தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்னும் ஒரு ஆறு யூனிட் போட்டால் இறங்கிவிடும் என்று ஒரு புத்தி சொன்னது. நான் மருந்தை ஊசியில் இழுத்துவிட்டேன்.

நான் போட்ட சத்தத்தில் ஓடி வந்தது பக்கத்து வீட்டு ஹபீபா அக்கா. தோல் பை தைக்கிறவர். அவருடைய கணவர் ஜஹாங்கீர் பத்து வருடம் இன்சுலின் போட்டுக்கொண்டு, இரண்டு வருடத்துக்கு முன்னால் மவுத்தானவர். அக்கா நேராக வந்து பொன்செல்வியின் கழுத்தில் புறங்கையை வைத்தார்.

"ஏ தம்பி, ஒடம்பு ஐஸா குளுந்து கெடக்கு. இது எறங்கிக் கெடக்கு தம்பி. இனிப்பக் குடு, ஜல்தி!"

"எறங்கலக்கா! இந்தா பாருங்க, இருநூத்தி நாப்பத்தெட்டு!"

"மெஷின அங்கிட்டுப் போடு. எங்க மச்சானுக்கு மூணு தடவ பாத்தவ நானு. இதே வேர்வ, இதே ஒளறல்."

அவர் தட்டிலிருந்து வெல்லத்தை எடுத்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். "எம் புள்ளயக் கொல்லப் பாக்கீங்களா?" என்று கத்தினேன். ஒரு கையில் ஊசி, மறு கையால் அவரைத் தடுத்துக்கொண்டு நின்றேன். எங்களைச் சுற்றி நூறு கிலோ வெல்லம் இருந்தது. அதில் ஒரு துளி இல்லாமல் என் மனைவி செத்துக்கொண்டிருந்தாள். நான் அதற்குக் காவல் நின்றேன்.

ஹபீபா அக்கா என் கையைப் பார்த்தார். என் விரலிலும் பாகு காய்ந்து பளபளத்தது. பொன்செல்வியின் விரலைத் தூக்கித் தன் விரலால் தொட்டுப் பார்த்தார். அது ஒட்டியது.

"சோப்பு எங்கடா?" என்றார். அதுவரை என்னை 'டா' போட்டுப் பேசியதில்லை.

குடத்துத் தண்ணீரில், சோப்புப் போட்டு, பொன்செல்வியின் இடது கைச் சுண்டு விரலைத் தேய்த்துக் கழுவி, தன் முந்தானையில் துடைத்தார். "உன் கையயும் கழுவிட்டு இப்பக் குத்து" என்றார். கழுவிவிட்டுக் குத்தினேன். மெஷின் ஐந்து நொடி எண்ணும். அந்த ஐந்து நொடியும் பொன்செல்வியின் இமை கீழே இறங்கிக்கொண்டே இருந்தது.

முப்பத்தெட்டு.

கையிலிருந்த ஊசி எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. அக்கா அவளைச் சாய்த்துப் பிடித்து, ஆறியிருந்த பாகை விரலில் எடுத்துக் கன்னத்தின் உள்பக்கம் தேய்த்தார். "முழுங்குட்டி, எந் தங்கம், முழுங்கு" என்று தொண்டையைத் தடவினார். முதலில் கடைவாயில் வழிந்தது. பிறகு தொண்டை ஒரு தடவை அசைந்தது. நான் வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து நீட்டினேன். பாதி அவள் மார்பில் கொட்டியது. எத்தனை நிமிடமோ, அவள் கண் திறந்து, "ஏன் இனிப்புத் தாறீங்க? புள்ளைக்கு ஆகாதுங்க" என்றாள். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

டாக்ஸியில் அவள் வயிற்றிலேயே கையை வைத்துக்கொண்டு வந்தாள். சயான் சிக்னலில் நின்றபோது மெதுவாகச் சொன்னாள்.

"அசையலங்க."

நாலு வருடத்துக்கு முந்தைய அந்த நாள் வந்து என் கழுத்தைப் பிடித்தது. அப்போது சொன்ன 'நாளைக்கு' இப்போது சொல்ல வழியில்லை. டிரைவரைத் திட்டினேன், சிக்னலைத் திட்டினேன், திட்டுவதற்கு வேறு ஆள் இல்லாமல் என்னையும் திட்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நர்ஸ் துடிப்புக் கேட்கிற கருவியை வயிற்றில் வைத்து நகர்த்தினார். இரைச்சல் மட்டும் வந்தது. கீழே நகர்த்தினார், இரைச்சல். பக்கவாட்டில், இரைச்சல். நர்ஸின் முகத்தையே பார்த்தேன், அதில் ஒன்றும் தெரியவில்லை. பொன்செல்வி கண்ணை மூடி, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் தன் வயிற்றுச் சதையை இரண்டு கையாலும் மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு, "இதனாலதான் கேக்கல, நான் தூக்கிப் புடிக்கேன், இப்பப் பாருங்கம்மா" என்று தமிழிலேயே கெஞ்சினாள். அந்த நர்ஸுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

டாக்டரம்மா ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். சதை தடிப்பாக இருந்தால் சின்னக் கருவியில் சில சமயம் கேட்காது, பொறுங்கள் என்றார். திரையில் சாம்பல் நிறத்தில் என்னென்னவோ அலைந்தது. ஒரு இடத்தில் நிறுத்தி, எனக்குக் காட்டினார். சின்னதாக ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. நூற்று நாற்பத்திரண்டு என்றார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் ரத்தப் பரிசோதனையின் முடிவெல்லாம் வந்தது. டாக்டரம்மா என் நோட்டை முன்னால் வைத்துக்கொண்டு, நாங்கள் எப்படி வேலை செய்கிறோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பாகு உருட்டுவது, வாளி, ஈரத்துணி, எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வாளித் தண்ணீரே வெல்லத் தண்ணீர்தான், ஸ்பிரிட் வெல்லத்தை முழுசாக எடுக்காது, சோப்பும் நல்ல தண்ணீரும் வேண்டும் என்றார். மத்தியானம் மெஷின் அளந்தது பொன்செல்வியின் ரத்தத்தை மட்டும் அல்ல, விரலில் இருந்த வெல்லத்தையும் சேர்த்துத்தான். அவளுக்குச் சர்க்கரை இருப்பது நிஜம், ஆனால் கொஞ்சம்தான். வேளாவேளைக்கு அளவாகச் சாப்பிட்டாலே போதும், இப்போதைக்கு ஊசி வேண்டாம் என்றார்.

"கையைக் கழுவுகிறீர்களா என்று கேட்டதோடு நானும் விட்டுவிட்டேன்" என்று தன்னையும் சேர்த்துச் சொன்னார். பிறகு, "சாப்பாடும் இல்லாமல் பதினான்கு யூனிட். நீங்கள் பார்த்த நேரத்துக்கு அவள் நினைவே இல்லாமல் கிடந்திருக்க வேண்டும். எப்படித் தாங்கினாள் என்று புரியவில்லை" என்றார். எடை எடைதான், பிரஷரும் பிள்ளையின் வளர்ச்சியும் இன்னும் கவனிக்க வேண்டும், பிரசவம்வரை பயம் முழுசாகப் போகாது என்பதையும் மறைக்கவில்லை.

வார்டில் பொன்செல்வி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நீ தின்னவில்லை, உன் விரல் இனித்தது, நான்தான் முட்டாள் என்று சொன்னேன். அவள் திரும்பவில்லை. தோள் குலுங்கியது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"என்ன மன்னிச்சிருங்க" என்றாள்.

"நீ எதுக்குட்டி மன்னிப்புக் கேக்க?"

"நேத்து நீங்க ஊசி போட்டுட்டு போன் பேசப் போனீங்கல்லா... அப்பம் பசி தாங்கல. தட்டு ஓரத்துல ஒடஞ்சு கெடந்துச்சு, ரெண்டு துண்டு. வாயில போட்டுட்டேன். சத்தியம் பண்ணிட்டுத் தின்னுட்டேங்க. அதனாலதான் எல்லாம் ஆச்சுன்னு நெனச்சேன். ராத்திரி பூரா அதையேதான் நெனச்சிக்கிட்டுக் கெடந்தேன்."

எப்படித் தாங்கினாள் என்று டாக்டரம்மா கேட்டதற்குப் பதில் இதுதான். எனக்குப் பயந்து, என் முதுகுக்குப் பின்னால், அவசரமாக மென்று விழுங்கிய இரண்டு துண்டு. நான் வாசலில் இல்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தால் அதையும் பிடுங்கிப் போட்டிருப்பேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவே பயந்தாள். நான் வாயைத் திறந்தால் திட்டத்தான் போகிறேன் என்று நினைத்திருப்பாள், அவளைச் சொல்லிக் குற்றமில்லை.  கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்க்கப் பார்க்க அழுதுகொண்டே கேட்டேன்.

"இன்னும் நாலு துண்டு சேத்துத் தின்னுருக்கக் கூடாதாட்டி?"